சட்டைப்பையில் இருந்த டப்பி: சேலத்து நாட்டு நாய் ஒன்றின் மோப்பப் போட்டி அனுபவம் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். அப்பா, அம்மா, கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் மகள், அப்புறம் ஒரு நாய். மழை நாளில் பட்டறைத் திண்ணையில் வந்து ஒண்டிய குட்டியை மகள் எடுத்து வளர்த்திருக்கிறாள். பெண் நாய், நாட்டு நாய், இந்தக் கதை தொடங்கும்போது இரண்டரை வயது. நிறத்தைப் பார்த்து சுக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். தடுப்பூசி, கருத்தடை எல்லாம் முடிந்த ஆரோக்கியமான நாய். புது ஆட்களைக் கண்டால் ஒதுங்கும், பட்டாசுக்கு நடுங்கும், கருவாட்டுக்கு உயிரைக் கொடுக்கும்.

நான் நாய் பழக்குபவன். இந்த நிகழ்வில் தவறியவர்களில் முதல் ஆள் நான்தான். எழுதி வைக்கத் தோன்றியதற்கு அதுவே காரணம்.

மோப்பப் போட்டி பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போதைப்பொருளும் வெடிபொருளும் தேடும் நாய்களைப் பழக்கிய சிலர், 2006-ல் கலிபோர்னியாவில் அதே வேலையை வீட்டு நாய்களுக்கு விளையாட்டாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வெடிமருந்துக்குப் பதிலாக மூன்று எண்ணெய்களை எடுத்துக்கொண்டார்கள்: பிர்ச் மர எண்ணெய், அனீஸ் எண்ணெய், கிராம்பு எண்ணெய். 2017-ல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் தன் போட்டிகளில் இதைச் சேர்த்தபோது சைப்ரஸ் எண்ணெய் நான்காவதாக வந்தது. வாசனை ஏற்றிய பஞ்சுத் துண்டை வரிசைப் பெட்டிகளில் ஒன்றிலோ, ஓர் அறையிலோ, வெளிமுற்றத்திலோ, வண்டியின் வெளிப்புறத்திலோ ஒளித்து வைப்பார்கள். நாய் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. கயிற்றைப் பிடித்திருப்பவர் அதைப் புரிந்துகொண்டு 'அலர்ட்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நடுவர் 'ஆம்' அல்லது 'இல்லை' என்பார். நாங்கள் போன போட்டியில், இல்லை என்றால் அந்தத் தேடல் அதோடு முடிந்தது.

இந்த எண்ணெய்களைப் பற்றி இன்னொன்று. வெளிநாட்டுக்காரர்களுக்கு இவை அன்றாடம் மூக்கில் படாத வாசனைகளாக இருக்கலாம். நம் வீட்டில் அப்படியில்லை. பிர்ச் எண்ணெயில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட், அதாவது மூட்டுவலித் தைலத்தின் வாசனை. பாட்டி படுத்திருக்கும் அறையைத் திறந்தாலே பிர்ச். அனீஸ் எண்ணெயின் அனித்தோல் நம் சோம்பிலும் இருக்கிறது. கிராம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மகளின் அப்பா முதல் நாளே கேட்டார்: "ஏன் தம்பி, லவங்கம் எடுக்கிறதுக்கு நாய் எதுக்கு? அஞ்சறைப்பெட்டியைத் தொறந்தா நானே எடுத்துத் தர்றேன்."

பழக்கிய விதம்: ஜூன் முதல் நவம்பர் வரை

பல்வலிக்கு விற்கும் கிராம்பு எண்ணெயையே வாங்கிக்கொண்டோம். மூடி இறுக்கமான கண்ணாடி ஜாடிக்குள் ஒரு டிஷ்யூவில் இரண்டு சொட்டு விட்டு, பாதியாக நறுக்கிய பட்ஸ்களை எண்ணெய் நேராகப் படாதபடி போட்டு இரண்டு நாள் மூடி வைத்தோம். எடுப்பதற்குக் கையுறையும் இடுக்கியும். ஒளித்து வைக்க ஒரு டப்பி வேண்டுமே. அப்பா தன் பட்டறையில் கிடந்த அலுமினியக் குங்குமச் சிமிழ் ஒன்றை எடுத்து, கொலுசுக்குத் துளை போடும் ட்ரில்லால் மூடியில் ஐந்து ஓட்டை போட்டு, அடியில் காந்தத்தை எம்சீல் வைத்து ஒட்டிக் கொடுத்தார். கிராம்பு எண்ணெய் நாயின் வயிற்றுக்குள் போகக் கூடாது. ஆகவே பட்ஸ் எப்போதும் அந்தச் சிமிழுக்குள்ளேயே இருந்தது.

முதலில் மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் செய்தோம். தளத்தில் வெயில் ஏறிய சூடு அப்போதும் இறங்கியிருக்காது. சுக்கு நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டே இருந்தது. மோப்பம் பிடிக்கும்போது நாய் வாயை மூடி, நொடிக்கு ஐந்து முறைபோலக் காற்றை மூக்கால் இழுக்கும். இரைக்கிற நாயால் அது முடியாது. காலை ஐந்தரைக்கு மாற்றியதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

வரிசையாக எட்டு செருப்புப் பெட்டிகள். ஒன்றில் நான் டப்பியை வைப்பேன், எந்தப் பெட்டி என்று மகளிடம் சொல்வேன், பிறகு சுவரோரம் நின்றுகொள்வேன். நாய் சரியான பெட்டியில் உட்கார்ந்தால் நெத்திலிக் கருவாடு, உப்புப் போக ஊறவைத்துக் காயவைத்தது. போலீஸ் நாய்கள் பொருளைக் கண்டதும் உட்காருவதைப் பார்த்திருந்ததால் நானும் உட்காரப் பழக்கினேன். அக்டோபருக்குள் பத்துக்குப் பத்து. நவம்பரில் மூன்று நொடி, நான்கு நொடியில் எடுத்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மாடிச் சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த ஆறு மாதத்தில், டப்பி எங்கே என்று தெரியாத மனிதர் ஒருவர்கூட சுக்குவுக்குப் பக்கத்தில் நின்றதில்லை. டப்பியே இல்லாத சுற்று ஒன்றுகூட நடந்ததில்லை.

முதல் போட்டி: டிசம்பர், ஏற்காடு

நாய் வளர்ப்பவர்கள் சிலர் சேர்ந்து, வெளிநாட்டு விதிகளைப் பின்பற்றி ஒரு நட்புப் போட்டி வைத்தார்கள். இடம், சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்துப் பழைய பங்களா. மூன்று தேடல்கள்: வராந்தாவில் பெட்டிகள், வரவேற்பறை, வெளியே நிறுத்திய மூன்று ஜீப்புகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம்.

போட்டி அன்று காலையிலேயே அடிவாரத்திலிருந்து ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதிமூன்றாவதிலோ பதினான்காவதிலோ சுக்கு வாந்தி எடுத்தது. மேலே போய்ச் சேரும்போது எச்சில் வழிந்துகொண்டிருந்தது. எங்கள் முறைக்கு இன்னும் அரை மணி நேரம்தான். பழம் பறிக்கும் காலம், களத்தில் காப்பி காய்ந்துகொண்டிருந்தது. தோல் நீக்கிய சக்கையின் புளித்த வாடை மூடுபனியோடு சேர்ந்து நின்றது. நாயின் நிலையைப் பார்த்தேன், பார்த்ததோடு சரி. முறையைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

பெட்டித் தேடல்: வேடிக்கை பார்ப்பவர்கள் முன்னால்தான் டப்பியை வைத்தார்கள். அப்போது மகளை மட்டும் வெளியே அனுப்பியிருந்தார்கள். நான் வராந்தா ஓரத்தில், பத்தடி தள்ளி நின்றேன். சுக்கு இருபத்திரண்டு நொடியில் சரியான பெட்டியில் உட்கார்ந்தது. கைதட்டல்.

அறைத் தேடல்: உள்ளே மகள், நாய், நடுவர் மட்டும். சுக்கு நேராகப் போய்ச் சுவரில் இருந்த பழைய கணப்படுப்பின் வாயில் மூக்கை நீட்டியது. இரண்டு முறை விலகிப் போய் மறுபடி அங்கேயே வந்தது, உட்கார்ந்தது. "அலர்ட்" என்றாள் மகள். "இல்லை" என்றார் நடுவர். டப்பி எதிர்ச் சுவரில், ஜன்னலுக்குக் கீழிருந்த நாற்காலியின் அடியில் இருந்தது.

வண்டித் தேடல்: இரண்டாவது ஜீப்பின் பம்பரில் கயிறு மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்க மகள் நின்றாள். சுக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது, அங்கேயே உட்கார்ந்தது. அலர்ட். இல்லை. டப்பி மூன்றாவது ஜீப்பில்.

மூன்றில் ஒன்று. இறங்கி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. குரும்பப்பட்டி தாண்டும்போது அப்பா மட்டும், "அந்த ஒண்ணை நல்லாத்தான் எடுத்துச்சு" என்றார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

எங்கள் முதல் முடிவு: சமையலறைமீது பழி

அன்று பங்களா சமையலறையில் மதியத்துக்குப் பிரியாணி. அறைத் தேடல் நடந்தபோது தாளித்த வாசனை வீடு முழுக்க இருந்தது. கிராம்பு தேடும் நாயைக் கிராம்பு மிதக்கும் காற்றில் விட்டால் அது குழம்பாமல் என்ன செய்யும்? காரணம் கையிலேயே கிடைத்துவிட்டது.

இந்த எண்ணம் முட்டாள்தனமானதல்ல. கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருள் யூஜினால். அது துளசியிலும் இருக்கிறது, வெற்றிலையிலும் இருக்கிறது. பட்டறை வீட்டில் துளசிமாடம் உண்டு, அப்பாவுக்கு வெற்றிலைப் பழக்கமும் உண்டு. ஆகவே டிசம்பர் நடுவிலிருந்து ஆறு வாரம், டப்பி இல்லாத பெட்டிகளில் பட்டை, சோம்பு, பிரியாணி மசாலா, கசக்கிய துளசி, அப்பாவின் வெற்றிலைக் காம்பு என்று போட்டு வைத்தோம். தேடலின்போது அம்மா பக்கத்து அறையில் மசாலா வறுத்தார். பாவம், விடியற்காலை ஐந்தரைக்கு.

சுக்கு மறுபடியும் பத்துக்குப் பத்து. குறையைச் சரிசெய்துவிட்டோம் என்று நோட்டில் எழுதினேன். அந்த வரியை இன்னும் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

சட்டைப்பை

பொங்கல் முடிந்து இரண்டாவது ஞாயிறு. எனக்கு ஒரு போன் வந்ததால் டப்பியை மூன்றாவது பெட்டியில் வைக்கும்படி அப்பாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "வெச்சாச்சு தம்பி" என்றார்.

மகள் நாயை விட்டாள். சுக்கு முதல் பெட்டியைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது, சட்டென்று வரிசையை விட்டு விலகி அப்பாவிடம் போனது. முன்கால்களை ஸ்டூலின் கம்பியில் வைத்து எழும்பி அவருடைய சட்டைப்பையில் மூக்கை வைத்தது. வாய் மூடியிருந்தது. வால் ஆட்டம் நின்று, நேராக விறைத்து நின்றது. "சுக்கு, வேலையைப் பாரு" என்று மகள் கயிற்றை இழுத்தாள். நாய் இறங்கியது. மூன்றாவது பெட்டிக்கு வந்தது. குனிந்து ஒருமுறை மோந்தது, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது, உட்கார்ந்தது.

"சபாஷ்" என்று கருவாட்டை நான்தான் கொடுத்தேன்.

அப்பா சட்டைப்பையிலிருந்து டப்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். விளையாட்டுக்குத்தான் செய்திருக்கிறார். "அப்ப இது என்ன தம்பி?"

எனக்கு வியர்த்துவிட்டது. நாயின் மூக்கு சரியாகத்தான் சொன்னது. நாங்கள் அதட்டி, அதைப் பொய் சொல்ல வைத்து, பொய்க்குச் சன்மானமும் கொடுத்திருக்கிறோம்.

இருபது சுற்றுகள்

அடுத்த வாரம் ஒழுங்காகச் சோதித்தோம். முதல் பத்துச் சுற்று பழைய முறையில்: எனக்கும் மகளுக்கும் இடம் தெரியும், நான் அறையில் நிற்பேன். அடுத்த பத்து வேறு மாதிரி. அப்பா டம்ளரில் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதில் வந்த எண்ணுள்ள பெட்டியில் வைத்துவிட்டு வெளியேறிக் கதவைச் சாத்திக்கொள்வார். மூன்று சீட்டுகளில் 'இல்லை' என்று எழுதியிருந்தோம். எது என்ன என்று உள்ளே யாருக்கும் தெரியாது. நான் தெருவில் நின்றேன். சீட்டு எதற்கு என்றால், மனிதர்களிடம் விட்டால் ஓரப் பெட்டிகளைத் தவிர்த்து நடுவிலேயே வைப்பார்கள். நாய் அதையும் கற்றுக்கொள்ளும்.

பழைய முறையில் பத்துக்குப் பத்து. புது முறையில் டப்பி இருந்த ஏழு சுற்றில் நான்கு சரி. எட்டுப் பெட்டியில் குருட்டாம்போக்கில் உட்கார்ந்தால் சராசரியாக ஏழுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆகவே நாய்க்கு வாசனை தெரிகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் டப்பி இல்லாத மூன்று சுற்றிலும் அது ஏதோ ஒரு பெட்டியில் உட்கார்ந்தது. ஒவ்வொரு முறையும் உட்காருவதற்கு முன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்ததாக மகள் சொன்னாள். நான் வழக்கமாக நிற்கும் பக்கம் அது.

பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்தோம். சரியான பெட்டியை நாய் நெருங்கும்போது நான் மூச்சைப் பிடிக்கிறேன், தோள் ஏறுகிறது. கருவாடு இருக்கும் இடுப்புப் பைக்குக் கை அரை அங்குலம் போகிறது. மகளோ, பெட்டிக்கு ஒரு பெட்டி முன்பாகவே நடையைத் தளர்த்துகிறாள். இரண்டு பேருக்கும் இது தெரியாது. நாய்க்குத் தெரிந்திருந்தது.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. கணக்குப் போடுவதாகப் பெயர் வாங்கிய ஹான்ஸ் என்ற பெர்லின் குதிரை, கேள்வி கேட்டவரின் உடலசைவைப் பார்த்துத்தான் காலைத் தட்டியது என்று 1907-லேயே ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் காட்டிவிட்டார். 2011-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் தேர்ந்த 18 மோப்ப நாய்களையும் அவற்றின் கயிற்றைப் பிடிக்கும் ஹேண்ட்லர்களையும் வைத்துச் செய்த ஆய்வில், தேடு பொருள் எதுவுமே வைக்கப்படாத அறைகளில் அலர்ட்டுகள் வந்து குவிந்தன. பொருள் இருப்பதன் அடையாளம் என்று ஹேண்ட்லர்களிடம் சொல்லி வைத்த சிவப்புக் காகிதம் ஒட்டிய இடங்களில் அவை கூடுதலாக வந்தன. இரண்டையும் நான் முன்பே படித்திருந்தேன். மற்றவர்களின் நாய்களைப் பற்றியது என்று நினைத்துப் படித்தேன் போலிருக்கிறது.

இந்த வெளிச்சத்தில் டிசம்பர் போட்டியைத் திரும்பப் பார்த்தால் எல்லாம் தலைகீழாகிறது. ஜீப்பில் நடந்தது புரிந்தது: மகள் நின்றாள், நாய் உட்கார்ந்தது. பெட்டித் தேடலில் கிடைத்த ஒரே வெற்றிதான் உண்மையில் சந்தேகத்துக்குரியது. விடை தெரிந்த நான் பத்தடியில் நின்றிருந்தேன். மிச்சம் இருந்தது கணப்படுப்பு. அங்கே நடுவரைத் தவிர விடை தெரிந்தவர் யாரும் இல்லை. அவர் ஜன்னல் பக்கம்தான் நின்றதாக மகள் உறுதியாகச் சொன்னாள். பிறகு எதற்காக நாய் எதிர்ச் சுவருக்குப் போனது?

ஊதுபத்தி

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, தோட்டத்துக்காரரிடம் அனுமதி வாங்கி அதே அறைக்குப் போனோம். நாயைக் கூட்டிப் போகவில்லை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, டப்பி இருந்த நாற்காலிக்கு அடியில் பிடித்தேன். ஜன்னல் பலகை இடுக்கிலிருந்து வந்த குளிர்காற்று புகையைக் கீழே அமுக்கியது. புகை மேலே எழவில்லை. தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்தில், நூல் பிடித்ததுபோல் அறையைக் குறுக்கே கடந்து, கணப்படுப்பின் வாய்க்குப் போய், அங்கே சுழன்று, புகைபோக்கி வழியாக ஏறியது. மகள் மண்டியிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைத்தாண்ணா அவ சொன்னா" என்றாள்.

வாசனை உற்பத்தியாகும் இடம் ஒன்று, வந்து தேங்கும் இடம் வேறொன்று. சுக்கு தேங்கிய இடத்தைச் சரியாகக் காட்டியது. இரண்டு முறை அது விலகிப் போனதே, அப்போது புகை வந்த வழியில் பின்னோக்கிப் போகத்தான் முயன்றிருக்க வேண்டும். பழகிய நாயும் பொறுமையான ஹேண்ட்லரும் அந்த நூலைப் பிடித்து நாற்காலி வரை போயிருப்பார்கள். எங்கள் நாய்க்கு உட்கார்ந்தால் கருவாடு. அது உட்கார்ந்தது.

எங்களுக்குச் சரியென்று வந்தது நாயின் வேலை அல்ல. தப்பென்று வந்ததில் பாதி நாயின் நல்ல வேலை. பிரியாணிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மாற்றிய பழக்கம்: பிப்ரவரி, மார்ச்

முதல் முடிவு, உட்காருவதை விட்டுவிடுவது. உட்காருவது நாய் நமக்குச் செய்யும் வித்தை, யாரும் பார்த்துக்கொண்டிருந்தால் வாசனை இல்லாமலே செய்துவிடும். அதற்குப் பதில், வாசனை கிடைத்ததும் அதன் உடலில் தானாக வரும் மாற்றங்களை மகள் படிக்கக் கற்றாள். சட்டைப்பையில் பார்த்த அதே அடையாளங்கள்தான்: வாய் மூடும், வால் விறைக்கும், தலை சட்டெனத் திரும்பும், மூச்சு சின்னச் சின்னதாகக் கேட்கும். டப்பி அருகே மூக்கு இரண்டு மூன்று நொடி நிலைத்தால் அலர்ட் சொல்லலாம்.

அப்புறம், இடம் தெரிந்தவர் யாரும் நாயின் கண்ணில் படக் கூடாது. அப்பா சீட்டுக் குலுக்கி வைத்துவிட்டு வெளியே போவார், நான் ஜன்னலுக்கு வெளியே போனில் பார்ப்பேன். மகள் அலர்ட் என்றதும் கதவுக்கு அப்பாலிருந்து அப்பா "ஆமா" அல்லது "இல்ல" என்பார். "ஆமா" கேட்ட பிறகே கருவாடு. நான்கில் ஒரு சுற்று காலி. காலி என்று மகள் சரியாகச் சொன்னால் நாயைத் தட்டிக் கொடுத்து, உடனே சுலபமான ஒரு தேடல் வைத்து முடிப்போம். எதையும் கண்டுபிடிக்காமல் ஓய்ந்த நாயை அப்படியே விடக் கூடாது.

கயிற்றை ஐந்தடியிலிருந்து பத்தடியாக்கினோம். காரணமே இல்லாமல் நிற்பது, குனிவது, செருப்பு வாரைச் சரிசெய்வது என்று மகள் வேண்டுமென்றே செய்து பழகினாள். ஜீப்பின் மேல்தான் அவளுக்குக் கோபம். பக்கத்து வீட்டு ஆட்டோவை ஐம்பது முறையாவது சுற்றியிருப்பாள்.

முதல் இரண்டு வாரம் மோசம். சுக்கு குரைத்தது, நடுவில் படுத்துக்கொண்டது, என்னைத் தேடி வாசலுக்கு ஓடியது. மகள் ஒருநாள் அழுதுவிட்டாள். ஒருவேளை நல்ல நாயைக் கெடுக்கிறோமோ என்று எனக்கும் பட்டது. மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, நாய் வாசல் பக்கமே திரும்பாமல் வரிசையை முடித்தது. மார்ச் நடுவில் இருபது சுற்று வைத்துப் பார்த்தோம். டப்பி இருந்த பதினைந்தில் பன்னிரண்டு சரி, காலியாக இருந்த ஐந்தில் நான்கு சரி. நேரம் மட்டும் கூடியது. நான்கு நொடி போய் முப்பது, நாற்பது நொடி. மாடிச் சுவரில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குச் சுவாரசியம் போய்விட்டது.

இரண்டாம் போட்டி: மார்ச் கடைசி

இந்த முறை முதல் நாள் மாலையே, வெறும் வயிற்றோடு, வளைவுக்கு வளைவு மெதுவாக ஓட்டி நாயை ஏற்றினோம். பாதி வழியில் ஒருமுறை இறக்கி நடக்க விட்டோம். வாந்தி இல்லை. அந்த வாரம் கோடை மழை ஒன்று பெய்திருந்ததால் தோட்டம் முழுக்கக் காப்பிப் பூத்திருந்தது. மல்லிகைபோல் ஒரு வாசம், மூச்சை அடைக்கும் அளவுக்கு. நான் கவலைப்பட்டேன். நாய் பொருட்படுத்தவே இல்லை.

பெட்டிகள்: நான் பங்களாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஐம்பத்தோரு நொடி. சரி.

அறைகள்: இரண்டு அறை, ஒன்று காலியாக இருக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். முதல் அறையில் அலமாரிக் காலுக்குப் பின்னால் இருந்ததைக் கண்டுபிடித்தது. இரண்டாவதில் சுவரோரமாக ஒரு சுற்று வந்தது, மேசைக் கால் ஒன்றில் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு வந்து மகளின் காலடியில் நின்றது. வால் தளர்ந்திருந்தது. "காலி" என்றாள் மகள். "ஆம்" என்றார் நடுவர். அந்த நாளில் கைதட்டல் இல்லாத வெற்றி அதுதான். எங்களுக்கு அதுதான் பெரிது.

வண்டிகள்: டப்பி முதல் ஜீப்பின் பின்சக்கர மட்கார்டுக்குள். சுக்கு அங்கே இரண்டு முறை வந்தது. இரண்டாவது முறை வாய் மூடியது, வால் விறைத்தது, மூக்கு நின்றது. மகள் வாயைத் திறக்கவில்லை. "இன்னொரு தடவை பாத்துக்கலாம்னு நெனச்சேன்" என்றாள் பிறகு. கயிற்றைத் தளர்த்தி நாயை நகர விட்டாள். மூன்று நிமிடம் முடிந்தது. வீடியோவில் பார்த்தபோது மூக்குக்கும் டப்பிக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை.

பாதிக்கு மேல் பழைய கோளாறு தீர்ந்தது, அதைத் தீர்த்த மருந்திலிருந்தே புதுக் கோளாறு ஒன்று வந்தது. டிசம்பரில் மகள் நாயை அதிகம் நம்பியதாகத் தோன்றியது. உண்மையில் நம்பியது எங்களை. மார்ச்சில் அவள் யாரையும் நம்பவில்லை, நாயையும் சேர்த்து.

இனி மாற்ற வேண்டியவை

மறுபடி தொடங்கினால், இடம் தெரியாத சுற்றுகளை எட்டாவது மாதத்தில் அல்ல, மூன்றாவது வாரத்திலேயே கொண்டு வருவேன். காலிச் சுற்றையும் அப்படியே. உட்காரப் பழக்கவே மாட்டேன். போலீஸ் நாய்க்கு அது வேறு காரணத்துக்காகத் தேவை. வெடிபொருளைக் காலால் பிறாண்டக் கூடாது. குங்குமச் சிமிழுக்கு அந்தப் பயம் கிடையாது.

தவறியபின் காரணம் தேடும்போது, முதலில் தோன்றிய காரணத்துக்கு மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு காலையாவது சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். பிரியாணிச் சந்தேகத்தைத் தீர்க்க எனக்குத் தேவைப்பட்டது ஆறு வாரமல்ல, மூடிய கதவும் பத்துச் சீட்டும்தான். முதல் போட்டியில் வாந்தி எடுத்த நாயை அரை மணியில் தேட விட்டதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

மகளுக்காக ஒரு மாற்றம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. நாய் இரண்டாம் முறை அதே இடத்துக்கு வந்தால் சொல்லியே ஆக வேண்டும், தப்பானாலும் பரவாயில்லை. பயிற்சியில் தப்பான அலர்ட்டுக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை என்று வைத்திருக்கிறோம். இதற்கு என்னைவிட அவள் அம்மாவின் முகம் பொருத்தமாக இருப்பதால், கதவுக்கு வெளியே இப்போது அவர்தான் "ஆமா, இல்ல" சொல்கிறார்.

அப்பாவை அந்த வேலையிலிருந்து மாற்றியதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு காலிச் சுற்றில் சுக்கு ஐந்தாவது பெட்டியை விடாமல் மோந்தது. விசாரித்தால், அப்பா சீட்டைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பெட்டியை வெறுங்கையால் தூக்கி நகர்த்தியிருக்கிறார். வெள்ளி கழுவும் பூந்திக்கொட்டையின் வாசம் அவர் கையில் எப்போதும் இருக்கும். டப்பியைத் தொட்டதும் பெரும்பாலும் அந்தக் கைதான். மார்ச்சில் சரியாக வந்த பன்னிரண்டில் எத்தனை கிராம்பு, எத்தனை பூந்திக்கொட்டை என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். எட்டுப் பெட்டிகளையும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஆள் ஒரே மாதிரி தொட வேண்டும், டப்பி வைக்கும் ஆள் நாளுக்கு நாள் மாற வேண்டும் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். இந்த ஞாயிறு முறை எதிர்வீட்டுப் பையனுக்கு.